தவறு திருத்தும் திறன்

தெருவில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆங்கில ஆசிரியையாக அவள் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. மகள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவள் தற்காலிகமாகவே இருந்தாள். அவ்வளவு நிரந்தரமான தற்காலிகத்தை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஓர் ஆணை வந்தது. ஆங்கிலம் கற்பித்தலில் இளங்கலைப் பட்டம் இல்லாதவர்கள் வகுப்பறைக்குள் காலடி வைக்கக் கூடாது. தலைமையாசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க நல்லா சொல்லிக் குடுக்கறீங்க. அதை நான் எங்க வேணாலும் சொல்வேன். ஆனா அது சட்டவிரோதம்."

வீட்டில் நிலைமை ஏற்கெனவே தள்ளாட்டத்தில் இருந்தது. கணவர் பேருந்து ஓட்டுநர். கண் பார்வை மங்கிப்போனதால் வண்டியை வாங்கிக்கொண்டு பணிமனையில் பேருந்து கழுவும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஆணையை அவள் படித்துக் காட்டியதும் அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"படிச்சிடு. எனக்குத்தான் கண்ணு போச்சு. உனக்கு என்ன, வயசுதானே போச்சு?"

இப்படித்தான் அவள் கல்வியியல் கல்லூரியில் சேர்ந்தாள்.

கல்லூரி முதல்வருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'நோக்கம்'. எதையும் "இதன் நோக்கம் என்னவென்றால்" என்றுதான் அவர் தொடங்குவார். தொடங்குவாரே தவிர, நோக்கம் என்ன என்பதுவரை அவர் போனதாக ஒருவருக்கும் நினைவில்லை. முதல் நாள் அவர் கேட்டார், "முன் அனுபவம் உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?"

அவள் பெருமையோடு கையைத் தூக்கினாள். அவர் அவளை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. அனுபவத்தைப் போக்கிடலாம். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்."

போக்கத்தான் செய்தார்கள். 'பேச்சு ஆங்கிலம்' என்று ஒரு பாடம் இருந்தது. அதன் தேர்வு எழுத்துத் தேர்வு. தேர்வறையில் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பேச்சுத் தேர்வில் பேசக் கூடாதா என்று அவள் போய்க் கேட்டாள்.

"பேசினா அது காத்துல போயிடும்மா. மறு மதிப்பீட்டுக்கு யாராவது கேட்டா நான் எந்தக் காத்தைக் கொண்டாந்து காட்டறது?" என்றார் நோக்கம்.

'கேட்டல் திறன்' வகுப்பில் கேட்டல் என்றால் என்ன என்பதை அவர் முணுமுணுப்பார். பின்வரிசையில் இருந்து "சார், கேக்கல" என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கேட்டல் திறன் குறைவு என்று மதிப்பெண் குறைப்பார். ஆகவே கேட்காதவர்கள் எல்லோரும் கேட்டதுபோல் தலையாட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியப் பணிக்கு அது மிக முக்கியமான திறன் என்று பிற்பாடு தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில் நுண்ணிலைக் கற்பித்தல் வந்தது. ஒருவர் ஆசிரியராக நிற்பார். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக உட்கார வேண்டும். மீத்திறன், இடைத்திறன், மெல்லக் கற்பவர் என்று கழுத்தில் அட்டை தொங்கவிடுவார்கள். அவளோடு படித்தவர்களில் ஒருவர் வங்கி வாசலில் காவலாளியாக இருந்து வந்தவர். பெரிய மீசை. எல்லோருக்கும் அவர் செக்யூரிட்டி அண்ணன். அவர் கழுத்தில் மெல்லக் கற்பவர் அட்டை விழுந்தது. முதல் கேள்விக்கே டக்கென்று சரியான பதிலைச் சொல்லிவிட்டார்.

நோக்கம் மேசையைத் தட்டினார். "அட்டையைப் படிச்சுட்டுப் பதில் சொல்லுங்க! உங்க வேகத்துக்கு நீங்க பதில் சொன்னா இந்தம்மா யாருக்குப் பொறுமையைக் காட்டுவாங்க? பொறுமைக்கு மார்க் இருக்குல்ல?"

அந்த அட்டையை அவர் கழுத்திலிருந்து யாரும் மாற்றவேயில்லை. ஆண்டு முடிவதற்குள் யாராவது பெயரைக் கேட்டால்கூட அவர் கொஞ்சம் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "சாப்பாடு போட்டா கை உடனே தட்டுக்குப் போக மாட்டேங்குதும்மா. என் சம்சாரம் பயப்படறா" என்று ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. கரும்பலகை முன்னால் நின்றால் முன்பெல்லாம் வார்த்தை தானாக வரும். இப்போது வாயைத் திறக்கும் முன் இது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று மனம் தேடியது.

கடைசி ஆண்டு கற்பித்தல் பயிற்சி. உண்மையான பள்ளி, உண்மையான பிள்ளைகள். செக்யூரிட்டி அண்ணனோடும் இன்னும் சிலரோடும் அவளை அனுப்பியது அவள் வேலை பார்த்த அதே பள்ளிக்கு. கொடுத்த வகுப்பு ஒன்பதாம் வகுப்பு. அதில்தான் மகள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"வகுப்பில் தாய், மகள் என்ற உறவு தெரியக் கூடாது" என்று நோக்கம் சொல்லி அனுப்பினார். "சாயல் தெரிஞ்சா என்ன பண்றது சார்?" என்று அவள் கேட்டதற்கு, முடிந்தவரை குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

பாடம் ஒரே ஒரு வாக்கியம். ஷீ கோஸ் டு ஸ்கூல். அவள் பள்ளிக்குப் போகிறாள். அதற்கு ஒரு படம் வரைந்து மாட்ட வேண்டும். பாடக்குறிப்பில் ஆசிரியர் பேசுவது ஒரு பக்கமும் மாணவர் பேசுவது மறுபக்கமுமாக முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். நடுவில் ஒரு மாணவர் எழுந்து 'ஷீ கோ டு ஸ்கூல்' என்று தவறாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அன்போடு "கோ இல்லைம்மா, கோஸ்" என்று திருத்த வேண்டும். இதற்குப் பெயர் தவறு திருத்தும் திறன். இதில் தேறாதவர் எதிலும் தேறாதவர்.

தவறு சொல்ல ஒரு பிள்ளையைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண்ணுக்கு எப்போதும் தவறாகத்தான் வரும். அவளைக் கேட்டார்கள். பாவம், இவ்வளவு பெரியவர்கள் வந்து கேட்கிறார்களே என்று ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டு வந்து சரியாகச் சொன்னாள். மறுபடி கேட்டபோது 'ஸ்கூல் கோ டு ஷீ' என்றாள். பள்ளி அவளிடம் போவது பாடக்குறிப்பில் இல்லை.

"தப்பைச் சரியாச் சொல்லணும்னா…" என்று தொடங்கிய செக்யூரிட்டி அண்ணன் கூரையைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். "...சரி தெரிஞ்ச பிள்ளைதான் வேணும். அதனாலதான் வருஷா வருஷம் பயிற்சிக்கு வர்றவங்க முதல் மார்க் வாங்கற பிள்ளையைப் பிடிக்கறாங்க."

வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்குவது மகள்தான்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அவள் மகள் முன்னால் நின்று கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவை தப்பா சொல்லுடி. என் கண்ணுல்ல?"

"வேற யாராவது சொல்லட்டும்மா."

"வேற யாருக்கும் வரலடி. எங்க, சொல்லிக் காட்டு. ஷீ…"

"ஷீ கோ டு ஸ்கூல்" என்றாள் மகள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு.

"அவ்வளவுதான்! என் தங்கம்!"

அவள் மகளைக் கட்டிக்கொண்டாள். சரியாகச் சொன்னதற்குக்கூட மகளை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. கணவர் கூடத்தில் இருந்து, "ஊர்ல எல்லாரும் பிள்ளைக்கு நல்லதைச் சொல்லிக் குடுப்பாங்க" என்றார். ஆனால் அவரும் அதற்குமேல் பேசவில்லை. பணிமனையில் கழுவும் வேலைக்கும் இயந்திரம் வரப்போவதாகப் பேச்சு இருந்தது.

தேர்வு நாளன்று வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். கனத்த உடம்பு. பின்வரிசையில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அமர்ந்ததும் பெஞ்சு ஒரு சத்தம் போட்டு அடங்கியது. முதலில் படத்தைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இடது பக்கம் பார்த்து நடக்குதே. அப்படின்னா ஸ்கூல்ல இருந்து திரும்பி வருதுன்னு அர்த்தம். கோஸ் எப்படி வரும்?"

அவள் படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெற்றுத் தாள். மகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வீடு என்று எழுதிப் படத்தின் வலதுபுறம் ஒட்டினாள். இப்போது அந்தப் பெண் வீட்டைவிட்டு இடதுபக்கம் போகிறாள். தேர்வாளர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

தலைமையாசிரியர் கதவோரம் நின்று பார்க்க, பாடம் நடந்தது. பிள்ளைகள் பாடக்குறிப்பின்படி புரியாமல் விழித்தார்கள், பாடக்குறிப்பின்படி புரிந்துகொண்டார்கள். அந்த இடம் வந்தது. அவள் மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். மகள் எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தேர்வாளரை ஒருமுறை பார்த்தாள், தலைமையாசிரியரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடமடவென்று, "ஷீ கோஸ் டு ஸ்கூல்" என்றாள்.

தாயின் காதில் அது விழவில்லை. பல வாரமாக மனப்பாடம் செய்தது வாயில் காத்துக்கொண்டிருந்தது.

"கோ இல்லைம்மா, கோஸ்" என்றாள் அன்போடு.

"நான் கோஸ்னுதான் சொன்னேன் டீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. தவறு இல்லாத இடத்தில் திருத்தம் என்று குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். "வாய் வரலம்மா. வாயே வரல."

"சரியா சொல்லிட்டு அழற பிள்ளையை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் கணவர். அவர் குரலும் நன்றாக இல்லை. பணிமனையில் இயந்திரத்தை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையே அவள் நோக்கத்தின் அறைவாசலில் போய் நின்றாள். உள்ளே விட்டதும் அவள் உட்காரக்கூட இல்லை.

"சார், இன்னும் ஒரு வருஷம்னா எங்க குடும்பம் தாங்காது. பிள்ளை சரியா பதில் சொன்னது ஒரு குத்தமா சார்?"

"உட்காருங்கம்மா. கல்வியோட நோக்கம் என்னன்னா…" என்று தொடங்கிய அவர் வழக்கம்போல் திசை மாறினார். "பிள்ளைங்க எல்லாரும் சரியாச் சொல்லிட்டா ஆசிரியர் எதுக்கு? ஆசிரியர் எதுக்குன்னு கேட்டா இந்தக் கல்லூரி எதுக்கு? இந்தக் கல்லூரி எதுக்குன்னு கேட்டா நான் எதுக்கு? அந்தக் கேள்வி வரைக்கும் உங்க பொண்ணு போயிட்டா. அது நல்லதில்லைம்மா."

"மறுபடி ஒரு வாய்ப்புக் குடுங்க சார். கால்ல வேணாலும் விழறேன்."

"கால்ல விழறதுக்குத் தனியா மார்க் கிடையாது" என்றார் அவர் வருத்தத்தோடு. ஆனாலும் கல் மனசுக்காரர் இல்லை. சிறப்புக் குழு முன்னால் தவறு திருத்தும் பகுதியை மட்டும் திரும்பச் செய்து காட்ட ஏற்பாடு செய்தார். அதே ஆசிரியை, அதே மாணவி, அதே தவறு.

குழு கல்லூரிக் கூட்ட அறையில் கூடியது. நீளமான மேசைக்குப் பின்னால் நோக்கமும் தேர்வாளரும் பள்ளித் தலைமையாசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்காக நடுவில் ஒரே ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய அறையில் அந்தப் பெஞ்சும் அதில் அந்தப் பெண்ணும் ஏதோ பறிமுதல் செய்த பொருள் மாதிரி இருந்தார்கள்.

தொடங்கும் முன் தலைமையாசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். தேர்வாளர் முன்னாடி பிழையாச் சொல்ற பிள்ளையை நாங்க அப்படியே விட முடியாது. குறைதீர் பிரிவுக்கு மாத்தணும். நீங்க போன பிறகு வந்த ஏற்பாடு டீச்சர். அங்க ஏ பி சி டி-ல இருந்து மறுபடி தொடங்குவோம். பொதுத் தேர்வுக்கு ஆங்கிலத்துல சாதாரணத் தாள்தான் எழுத முடியும், அது மேல்படிப்புக்கு உதவாது."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "சார், அது நடிப்புன்னு உங்களுக்கே தெரியுமே?"

"எனக்குத் தெரியும். அறிக்கைக்குத் தெரியாதே."

"குழந்தைக்கு வருத்தம் வேண்டாம்" என்றார் தேர்வாளர். "பலவீனமானவங்களைத் தேடிக் கண்டுபிடிக்கறதுதான் எங்க சேவை. எங்க போனாலும் கண்டுபிடிச்சிடறோம். இது வரைக்கும் ஒரு பள்ளியில கூட வெறுங்கையோட திரும்பினதில்லை."

"தொடங்கலாமா?" என்றார் நோக்கம்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். கதவு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளுக்கு வீட்டில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் கணவர் நினைவுக்கு வந்தார். இன்னொரு வருஷம், இன்னொரு படம், இன்னொரு பிள்ளை என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். அது மூடிக்கொண்டது.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் திறந்ததையும் பார்த்தாள், மூடியதையும் பார்த்தாள். பிறகு யாரும் கேட்காமலேயே எழுந்து நின்றாள்.

"ஷீ கோ டு ஸ்கூல்."

தெளிவாக, கணீரென்று சொன்னாள். அவ்வளவு பிழையில்லாத பிழையை அந்த அறை கேட்டதில்லை.

"கோ இல்லைம்மா" என்றாள் தாய். "கோஸ்."

"அருமை" என்றார் தேர்வாளர். "திருத்தும்போது கண் கலங்கினாங்க பாருங்க. அதுதான் அர்ப்பணிப்பு." முழு மதிப்பெண் போட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி, அந்தப் பிரிவைப் பத்தி?"

"தெரியும். போன வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ அங்கதான் போனா."

"அதனாலதான் அன்னைக்கு…"

"வாய் வரலைன்னுதானே சொன்னேன்" என்று மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டமளிப்பு விழாவில் அவளுக்குக் கறுப்பு அங்கி போட்டார்கள். நோக்கம் நீண்ட உரை நிகழ்த்தினார். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற அரங்கம் முழுவதும் சரியான இடங்களில் தலையாட்டியது. செக்யூரிட்டி அண்ணனின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் எழுந்துவர நேரமானதால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் பட்டத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். கணவர் பார்வை எட்டாவிட்டாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, யார் மேடை ஏறினாலும் கை தட்டினார்.

வேலையும் கிடைத்தது. அதே பள்ளி. நிரந்தரப் பணி. தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்றார்.

"புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல குறைதீர் பிரிவுதான். உங்களுக்காகவே உண்டான பணியிடம் மாதிரி இருக்கு."

அவளுக்கு ஒரு கணம் நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. மகள் அங்கேதானே இருக்கிறாள். ஒரே வருஷத்தில் தூக்கி நிறுத்திவிடலாம். "ரொம்ப சந்தோஷம் சார். வருஷக் கடைசிக்குள்ள எல்லாரையும் தேற வச்சு மேல அனுப்பிடறேன்."

தலைமையாசிரியர் அவசரமாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்தது.

"அப்படி எதுவும் செஞ்சுடாதீங்க டீச்சர். எல்லாரும் தேறிட்டா பிரிவுல ஆள் இருக்காது. ஆள் இல்லைன்னா பிரிவை மூடிடுவாங்க. பிரிவை மூடிட்டா உங்க பணியிடம் போயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். கஷ்டப்பட்டுப் படிச்சு வந்திருக்கீங்க."

குறைதீர் பிரிவு பழைய ஆய்வுக்கூடத்தில் இருந்தது. உடைந்த கண்ணாடிக் குடுவைகளை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுப் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். அவள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தற்காலிகமாக இருந்த காலத்தில் அவளிடம் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் முதல் பெஞ்சில் நின்றாள். புத்தகம் இல்லாமலே பாடம் ஒப்பிப்பவன் அவளுக்குப் பின்னால் நின்றான். ஒவ்வொரு வருஷமும் பயிற்சிக்கு வந்தவர்கள் தேடித் தேடிப் பிடித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும், கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். கடைசிப் பெஞ்சில் மகள். எல்லோரைப் போலவே, "குட் மார்னிங் டீச்சர்" என்றாள்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது தொடங்கியாக வேண்டும் என்று கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதி நடுவில் கோடிட்ட இடம் விட்டாள்.

"இதுல என்ன வரும்? யார் சொல்றீங்க?"

ஒரு கையும் எழவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முதல் பெஞ்சுப் பெண் மரியாதையாக எழுந்தாள்.

"டீச்சர், எங்களுக்கு ரெண்டும் வரும். உங்களுக்குச் சரியானது வேணுமா, தப்பானது வேணுமா?"

கேலியே இல்லை அந்தக் குரலில். கடையில் எந்த அளவு வேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவள் கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள். மகள் அன்று கூட்ட அறையில் பார்த்த மாதிரியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நடைக்கூடத்தில் தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். திரும்பிவந்து, பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சரியானதுதான் வேணும். ஆனா மெதுவாச் சொல்லுங்க. வெளில கேக்கக் கூடாது."

வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு, ஒரே குரலில், மூச்சை விடுவதுபோல் சரியான பதிலைச் சொன்னது.